டிராக்டருக்கு எந்த எரிபொருள், அதை எப்படிக் காப்பாற்றுவது

டிராக்டர் பழுது பார்ப்பது என் தொழில். உழுகிற பெரிய வண்டிகளும் வரும், புல் வெட்டுகிற சின்ன வண்டிகளும் வரும். புதிதாக வண்டி வாங்கப் போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த எரிபொருள் நல்லது?" என்றுதான். என் பதில் அவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமாக இருக்கும். எது நல்லது என்பதை எஞ்சினைச் செய்தவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள். நம் கையில் இருப்பது, அந்த எண்ணெயைச் சுத்தமாக, பழசாகாமல், தண்ணீர் படாமல் டேங்குக்குள் கொண்டு சேர்ப்பது மட்டும்தான். "டீசல் சரியில்லை", "பெட்ரோலில் கலப்படம்" என்று தள்ளிக்கொண்டு வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல், எண்ணெய் வாங்கும்போது நன்றாகத்தான் இருந்திருக்கும். கேனிலோ பேரலிலோ கிடந்த நாட்களில்தான் கெட்டிருக்கும்.

வண்டி பழசு, கையேடு இல்லை, டேங்க் மூடியில் எழுத்தும் அழிந்துவிட்டது என்றால் எஞ்சினைப் பாருங்கள். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில் தடித்த ரப்பர் வயர் போய் முடிகிற ஸ்பார்க் பிளக் இருந்தால் அது பெட்ரோல் குடும்பம். மண்ணெண்ணெயில் ஓடும் பழைய வண்டிகளும் கேஸ் வண்டிகளும் இதில்தான் சேரும். அதற்குப் பதிலாக ஒரு பம்பிலிருந்து 6 மி.மீ. பருமனுள்ள இரும்புக் குழாய் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக ஓடினால் டீசல். சில டீசல் எஞ்சின்களில் ஹீட்டர் பிளக் இருக்கும். அதற்கும் வயர் போகும், குழம்ப வேண்டாம். எல்லாப் பிளக்கையும் ஒரே பட்டை கோத்துப் போகும்; இரும்புக் குழாயும் பக்கத்திலேயே இருக்கும்.

இந்த வித்தியாசம் வெறும் உறுப்பு வித்தியாசம் இல்லை. டீசல் எஞ்சின் காற்றை மட்டும் உள்ளே இழுத்து அதை 16 முதல் 22 மடங்கு வரை நெருக்குகிறது. நெருங்கிய காற்று கொதித்துப் போயிருக்கும்போது டீசலைப் பீய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சின் எண்ணெயையும் காற்றையும் முன்பே கலந்து, 8 முதல் 10 மடங்கு மட்டும் நெருக்கி, பொறி வைத்துப் பற்ற வைக்கிறது. தானாகப் பற்றுவது டீசலுக்கு வேண்டிய குணம். பெட்ரோலுக்கு அதுவே ஆகாத குணம். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை ஊற்றினால் ஏன் ஓடாது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

டீசல்

உழவு டிராக்டர்களில் இன்று கிட்டத்தட்ட எல்லாமே டீசல்தான். 1892-இல் அமெரிக்காவில் ஜான் ஃப்ரோலிக் செய்த, முன்னும் பின்னும் நகரக்கூடிய முதல் டிராக்டர் பெட்ரோலில்தான் ஓடியது. அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பெட்ரோலும் மண்ணெண்ணெயும்தான் ஆட்சி செய்தன. அவற்றை டீசல் வெளியேற்றியதற்குக் காரணங்கள் எளிமையானவை. ஒரு லிட்டர் டீசலில் சுமார் 36 மெகாஜூல் சக்தி இருக்கிறது, பெட்ரோலில் சுமார் 32. டீசல் எஞ்சினில் நெருக்கம் அதிகம் என்பதால், அந்தச் சக்தியில் கூடுதல் பங்கு வேலையாக மாறுகிறது. மண் இறுகிச் சுற்று குறைந்தாலும் இழுவை விடாது. தீ ஆபத்தும் குறைவு. பெட்ரோல் மைனஸ் 40 டிகிரி குளிரில்கூடப் பற்றக்கூடிய ஆவியை விடும். டீசல் அப்படி ஆவி விட 50 டிகிரியைத் தாண்ட வேண்டும். காய்ந்த தூசும் வைக்கோலும் பறக்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட ஒரு வழி சொல்கிறேன். ஒரு கிலோவாட் வேலையை ஒரு மணி நேரம் கொடுக்க, டீசல் எஞ்சினுக்குச் சுமார் கால் கிலோ டீசல் வேண்டும். 50 குதிரைத்திறன் என்பது 37 கிலோவாட். முழு லோடில் ஓடினால் மணிக்கு 9 கிலோ சொச்சம், அதாவது ஏறத்தாழ 11 லிட்டர். நாள் முழுக்க முழு லோடில் யாரும் ஓட்டுவதில்லை. காலி டிரெய்லரை இழுத்துப் போகும்போது இதில் பாதிகூடச் செலவாகக் கூடாது. லேசான வேலைக்கே 11 லிட்டர் குடிக்கிறதென்றால் டீசலைத் திட்டாதீர்கள், ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். கறுப்புப் புகை தள்ளினால் காற்று போதவில்லை, அல்லது டீசலைப் பீய்ச்சும் நாசில் ஒழுகுகிறது. வெள்ளைப் புகை எரியாத டீசலாக இருக்கலாம், உள்ளே போன தண்ணீராகவும் இருக்கலாம். நீலப் புகைக்கு எரிபொருள் காரணமே இல்லை. அங்கே எரிவது எஞ்சின் ஆயில்.

டீசலின் தரத்தைச் சொல்லும் எண்ணுக்கு சீட்டேன் என்று பெயர். எண் கூடினால் சீக்கிரம் பற்றும், காலையில் சட்டென்று ஸ்டார்ட் ஆகும், தட்டுகிற சத்தம் குறையும். ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் குறைந்தபட்சம் 51 இருக்க வேண்டும். அமெரிக்காவில் 40 போதும். கந்தகம் இப்போது பல நாடுகளில் இறங்கிவிட்டது. ஐரோப்பா, இந்தியாவில் பத்து லட்சத்தில் 10 பங்கு, அமெரிக்காவில் 15 பங்கு. புகைபோக்கியில் வடிகட்டி வைத்த புதிய எஞ்சின்களுக்கு இது கட்டாயம், கந்தகம் கூடினால் அந்த வடிகட்டி பாழாகும். பழைய எஞ்சின் வைத்திருப்பவர்கள் "கந்தகம் இல்லாத டீசல் பம்பைத் தேய்த்துவிடும்" என்று பயப்படுவார்கள். கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் வழுவழுப்பும் குறைவது உண்மைதான். அதை ஈடுகட்டும் மருந்தைச் சேர்த்துத்தான் விற்பனைக்கே அனுப்புகிறார்கள். அதனால் தனியாக பாட்டில் வாங்கி ஊற்ற வேண்டும் என்பது என் கருத்தில் வீண்செலவு. இரண்டு-ஸ்ட்ரோக் ஆயிலைக் கலந்து ஊற்றுகிற வழக்கத்துக்கும் இதே பதில்தான்.

குளிர் அதிகமுள்ள இடங்களில் வேறொரு தொல்லை. டீசலில் இயற்கையாகவே மெழுகு கரைந்திருக்கிறது. குளிர ஆரம்பித்ததும் டீசல் முதலில் மங்கும், பிறகு மெழுகு திரண்டு ஃபில்டரை அடைக்கும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஐந்து நிமிடத்தில் மூச்சு முட்டி நிற்பது இதன் அடையாளம். குளிர்கால டீசல் என்று தனியாக வரும். அதைக் குளிர் தொடங்கும் முன்பே நிரப்பி, கொஞ்ச நேரம் ஓட்டி, ஃபில்டர் வரை புது டீசல் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மெழுகு திரண்ட பிறகு மருந்து ஊற்றிப் பெரிய பயன் இல்லை. வண்டியைச் சூடான இடத்துக்குள் தள்ளி, ஃபில்டரை மாற்றுவதுதான் வழி.

சில நாடுகளில் விவசாய டீசலுக்கு வரிச் சலுகை உண்டு. அடையாளம் தெரிய அதில் சாயம் கலந்திருப்பார்கள். பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சிவப்பு. எரிவதில் ஒரு வித்தியாசமும் இல்லை. சாலையில் ஓடும் வண்டியில் ஊற்றினால் அபராதம், அவ்வளவுதான்.

தண்ணீர்

இனி சொல்லப் போவதுதான் இந்தக் கட்டுரையின் முக்கால் பங்கு பயன். டீசலின் எதிரி தண்ணீர். அது பெரும்பாலும் யாரும் ஊற்றி வருவதில்லை, காற்றிலிருந்து வருகிறது. பாதி டேங்கோடு வண்டியை இரவு நிறுத்தினால், மேலே இருக்கும் காற்று குளிர்ந்து டேங்கின் உள்சுவரில் வியர்க்கும். துளித்துளியாக இறங்கி அடியில் சேரும். டீசல் மிதக்கும், தண்ணீர் கீழே கிடக்கும். ஒரு நாள் மேட்டில் ஏறும்போது அது கலங்கி பம்புக்குள் போகும். பம்பிலும் நாசிலிலும் எண்ணெய்ப் பசைதான் உராய்வைத் தாங்குகிறது. தண்ணீர் போன இடத்தில் அந்தப் பசை இல்லை, துருதான் மிச்சம். அதனால் வேலை முடிந்த மாலையே டேங்கை நிரப்பிவிடுங்கள், காலையில் நிரப்பாதீர்கள்.

தண்ணீரும் டீசலும் சேரும் எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் வளரும். ஃபில்டரைக் கழற்றும்போது கறுப்பாக, சளி மாதிரி வழிந்தால் அதுதான். ஃபில்டரை மட்டும் மாற்றினால் அடுத்த வாரமே மறுபடி அடைக்கும். டேங்கை இறக்கிக் கழுவி, டீசலுக்கென்று வரும் பூஞ்சைக்கொல்லியை ஊற்ற வேண்டும். தண்ணீரே இல்லாத டேங்கில் இவை வளராது.

பேரலில் சேமிப்பவர்கள் கவனிக்க வேண்டியவை. செங்குத்தாக வெளியில் நிற்கும் பேரலின் மேல்தட்டில் மழைத் தண்ணீர் தேங்கும். பகலில் பேரல் சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடி வழியே கொஞ்சம் வெளியேறும். இரவில் குளிர்ந்து சுருங்கும்போது, தேங்கிய தண்ணீரையே மூடியின் மரை வழியாக உள்ளே உறிஞ்சும். மூடி இறுக்கமாகத்தானே இருந்தது என்பார்கள். இறுக்கமான மூடியும் உறிஞ்சும். நிழலில், கூரைக்கடியில் வையுங்கள். அடியில் ஒரு பக்கம் கட்டை கொடுத்துச் சற்றே சாய்த்து வைத்தால் தண்ணீரும் வண்டலும் தாழ்ந்த ஓரத்தில் சேரும். உயர்ந்த பக்கத்திலிருந்து, அடியைத் தொடாத குழாய் போட்டு எடுக்கலாம். பேரலை நகர்த்திய அன்றே எடுக்காதீர்கள், ஒரு நாள் தெளிய விடுங்கள். துத்தநாகம் பூசிய பாத்திரமும் குழாயும் டீசலுக்கு ஆகாது. துத்தநாகத்தோடு சேர்ந்து டீசல் ஒருவிதப் பசையை உண்டாக்கும், அது ஃபில்டரையும் நாசிலையும் அடைக்கும். செம்புக் குழாயும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும்.

சந்தேகம் வந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலை எடுங்கள். டேங்கின் அடித் திருகைத் திறந்து அரை லிட்டர் பிடியுங்கள். மேலிருந்து எடுத்தால் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தால் நல்ல டீசல் பளிச்சென்று தெரியும், பின்னால் இருக்கும் எழுத்தைப் படிக்க முடியும். பால் கலந்ததுபோல் மங்கினால் தண்ணீர் கலந்து மிதக்கிறது. ஓர் இரவு அசையாமல் வைத்தால் அடியில் ஒரு கோடு விழும், கோட்டுக்குக் கீழே இருப்பது தண்ணீர். கருத்துப் போய், புளித்த வாடை அடித்தால் டீசல் பழசாகிவிட்டது. மூடிய கலனில், நிழலில் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை டீசல் தாங்கும்.

ஏர் எடுப்பது

ஃபில்டர் மாற்றினாலோ, டேங்க் காலியாகும்வரை ஓட்டிவிட்டாலோ லைனில் ஏர் பிடித்துக்கொள்ளும். செல்ஃப் அடித்துக்கொண்டே இருப்பார்கள், பேட்டரி இறங்கும், எஞ்சின் இருமக்கூடச் செய்யாது. பழைய மாதிரி பம்ப் உள்ள வண்டிகளில் இதை வீட்டிலேயே சரி செய்யலாம்.

டேங்கில் போதிய டீசல் இருக்கிறதா, வால்வு திறந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஃபில்டர் தலையில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். அதைச் சுற்றி அழுக்கைத் துடைத்துவிட்டு இரண்டு சுற்று தளர்த்துங்கள், கழற்ற வேண்டாம். இப்போது கை பம்பை மெதுவாக அடியுங்கள். முதலில் ஒன்றும் வராது. பிறகு சீறலோடு நுரை வரும், சோப்புத் தண்ணீர்போல் வெளுத்திருக்கும். விடாமல் அடியுங்கள். நுரை பெரிய குமிழாக மாறும், குமிழ்களுக்கு நடுவே இடைவெளி கூடும், கடைசியில் குமிழே இல்லாமல் கண்ணாடிக் கம்பிபோல் டீசல் வழியும். அடித்துக்கொண்டே திருகை இறுக்குங்கள். நிறுத்திவிட்டு இறுக்கினால் ஒரு மிடறு காற்றை அது திரும்பவும் இழுத்துக்கொள்ளும். ஃபில்டரில் இரண்டு கிண்ணம் இருந்தால் டேங்குப் பக்கத்துக் கிண்ணத்தில் தொடங்கி அடுத்ததுக்கு வாருங்கள். அப்புறம் நாசிலுக்கு டீசல் தள்ளும் பம்பின் மேல் உள்ள திருகு. கை பம்பின் நெம்பு தொளதொளவென்று இருந்து டீசல் வராவிட்டால் அது பழுது என்று முடிவு கட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். எஞ்சினை அரைச் சுற்று நகர்த்திவிட்டு அடித்துப் பாருங்கள்.

அதற்கும் ஸ்டார்ட் ஆகாவிட்டால் நாசிலுக்குப் போகும் குழாய்களின் நட்டைத் தளர்த்திச் செல்ஃப் அடிப்பார்கள். பழைய பம்பில் இதைச் செய்யலாம், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. ஆனால் எல்லா நாசிலுக்கும் ஒரே பொதுக் குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் புதிய காமன் ரெயில் எஞ்சினில் செய்யவே கூடாது. அதில் 1,000 பாருக்கு மேல் அழுத்தம் நிற்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு கசிவுகூடத் தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். முதலில் ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட இருக்காது, ஆனால் விரலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்தால் உடனே மருத்துவமனைதான். கசிவைத் தேடும்போது விரலால் தடவாமல் ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

பயோடீசலும் தாவர எண்ணெயும்

பயோடீசல் என்பது தாவர எண்ணெயையோ கொழுப்பையோ மெத்தனாலோடு வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்த பின் கிடைப்பது. பி7 என்றால் டீசலில் 7 சதவீதம் பயோடீசல், பி20 என்றால் 20 சதவீதம். பெரும்பாலான புதிய எஞ்சின்கள் பி7 வரை கேட்காமலே ஏற்கும். பி20-க்குக் கையேட்டைப் பாருங்கள். வழுவழுப்பு இதில் நன்றாக இருக்கும். ஆனால் பழைய டேங்கில் முதல் தடவை ஊற்றும்போது, வருடக்கணக்கில் படிந்த அழுக்கையெல்லாம் கரைத்துக்கொண்டு வந்து ஃபில்டரில் நிறுத்தும். அதனால் மாறும்போது கையில் ஒரு ஃபில்டர் கூடுதலாக வைத்திருங்கள். இயற்கை ரப்பர் குழாய்களை ஊறவைத்து இளக்கிவிடும். தண்ணீரை டீசலைவிட அதிகம் இழுக்கும், சீக்கிரம் கெடும். ஆண்டில் சில வாரம் மட்டும் ஓடுகிற வண்டிக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

இப்படி மாற்றாத தாவர எண்ணெயை நேராக ஊற்றலாமா என்று கேட்பவர்கள், 1900 பாரிஸ் கண்காட்சியில் டீசல் எஞ்சின் கடலை எண்ணெயில் ஓடியதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஓடியது உண்மை. ஓடுவது வேறு, ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடுவது வேறு. தாவர எண்ணெய் டீசலைவிடப் பல மடங்கு தடிப்பு. நன்றாகத் தூவாது, நாசில் முனையில் கரி கட்டும், எரியாதது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி எஞ்சின் ஆயிலில் இறங்கி அதைக் கூழாக்கும்.

யூரியா கரைசல்

புதிய பெரிய டிராக்டர்களில் நீல மூடியோடு இரண்டாவது டேங்க் ஒன்று இருக்கும். அதில் ஊற்றுவது 32.5 சதவீத யூரியா கரைசல். இது எரிபொருள் இல்லை. புகைபோக்கியில் தெளிக்கப்பட்டு நைட்ரஜன் ஆக்சைடுகளை முறிக்கிறது. உர யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவது வேண்டாம், அதிலுள்ள அசுத்தங்கள் வினையூக்கியைப் பாழாக்கும். டீசல் ஊற்றிய புனலை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வெயிலில் வைத்தால் வீரியம் போகும், மைனஸ் 11 டிகிரியில் உறையும். உறைவதால் கெடாது, உருகிய பின் பயன்படுத்தலாம்.

புல்வெட்டி டிராக்டரின் பெட்ரோல்

சின்ன வண்டிகளில் பெரும்பாலும் நாலு-ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின், ஒன்றோ இரண்டோ சிலிண்டர். சாதாரண பெட்ரோல் போதும். பெட்ரோல் தானாகப் பற்றாமல் தாங்குவதைச் சொல்லும் எண் ஆக்டேன். வட அமெரிக்கக் கையேடுகளில் 87 ஆக்டேன் என்றிருக்கும். அங்கே எண்ணைக் கணக்கிடும் முறை வேறு, மற்ற நாடுகளின் 91-க்கு அது சமம். விலை கூடிய உயர் ஆக்டேன் ஊற்றினால் வெட்டும் வேகம் கூடாது. இந்த எஞ்சின்களின் நெருக்கம் அதைக் கேட்பதே இல்லை. இரண்டு-ஸ்ட்ரோக் கருவிகளுக்கு ஆயில் கலந்து வைத்த கேனை இதில் ஊற்றிவிடாமல் இருக்க, கேன்களில் பெரிதாக எழுதி வையுங்கள்.

எத்தனால் 10 சதவீதம் வரை சரி. அதற்கு மேல், கையேட்டில் அனுமதி இருந்தால் ஒழிய, வேண்டாம். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஓரளவு வரை கரைத்து வைத்துக்கொள்ளும். அரை சதவீதத்தைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து தனி அடுக்காக அடியில் இறங்கிவிடும். எஞ்சினுக்குப் போகும் குழாய் அடியிலிருந்துதான் எடுக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றினால் வெள்ளைப் பொடியாக அரிப்பு தெரியும்.

கார் தினமும் ஓடும், அதில் பெட்ரோல் பழசாக நேரமில்லை. புல்வெட்டி மாதக்கணக்கில் சும்மா நிற்கும். திறந்த கார்புரேட்டரில் பெட்ரோல் ஒரு மாதத்தில் மாற ஆரம்பிக்கும். இலேசான பகுதி ஆவியாகிவிடும், மிச்சம் மஞ்சள் வார்னிஷாகப் படியும், பெயின்ட் வாடை அடிக்கும். கார்புரேட்டருக்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டின் துளை தையல் ஊசி நுழைகிற அளவுதான் இருக்கும். அதில் ஒரு மெல்லிய படலம் போதும். அப்போது எஞ்சின் ஒரு சீராக ஓடாது. ரேஸ் ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். பிளேடைப் போட்டதும் அணையும். காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் சீராகிறதென்றால் ஜெட் அடைப்பு என்று அடித்துச் சொல்லலாம். கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை பெரிதாகிவிடும். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள்.

நிறுத்தி வைக்கும் முன் இரண்டு வழி. பெட்ரோல் வால்வை மூடி, எஞ்சின் தானாக அணையும்வரை ஓட்டி, கிண்ணத்தின் அடித் திருகில் மிச்சத்தையும் வடித்துவிடுவது ஒன்று. புதுப் பெட்ரோலில் ஸ்டெபிலைசர் கலந்து டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் ஓட்டிக் கார்புரேட்டர்வரை கொண்டுபோவது இன்னொன்று. எனக்கு முதலாவது பிடிக்கும். ஸ்டெபிலைசர் புதுப் பெட்ரோலைக் காக்கும். கெட்டுப்போனதைத் திருப்பித் தராது.

ஒரு சின்னக் கோளாறைச் சொல்லிவிடுகிறேன், இதற்காக எத்தனையோ பேர் கார்புரேட்டரையே மாற்றுகிறார்கள். வண்டி அரை மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு பெட்ரோல் தீர்ந்ததுபோல் இருமி நிற்கும். பத்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். டேங்க் மூடியில் காற்றுத் துளை இருக்கிறது. புல் தூசு அதை அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. நின்ற உடனே மூடியைத் தளர்த்துங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியைக் கழுவினாலே வேலை முடிந்தது.

சூடான எஞ்சினில் பெட்ரோல் ஊற்றக் கூடாது, கால் மணி நேரம் ஆறட்டும். கேனில் பெட்ரோல் பிடிக்கும்போது வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பு மேல் வைக்காமல் தரையில் வைத்துப் பிடியுங்கள், நிலைமின்சாரப் பொறிக்கு அதுதான் தடுப்பு.

மண்ணெண்ணெய் வண்டிகள்

எனக்குப் பிடித்த பிரிவு இதுதான், இப்போது அதிகம் பார்க்க முடியாது. ஃபோர்ட்சன், ஃபெர்குசன் டிஇ20-இன் சில வகைகள், ஜான் டியரின் பழைய இரட்டை சிலிண்டர் வண்டிகள் எல்லாம் மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடின. டேங்கில் இரண்டு அறை: சின்னதில் பெட்ரோல், பெரியதில் மண்ணெண்ணெய். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, ரேடியேட்டர் திரையை மூடி வைத்து எஞ்சின் 80 டிகிரி அளவுக்குச் சூடான பிறகுதான் வால்வைத் திருப்ப வேண்டும். மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஆவியானால்தான் எரியும். நிறுத்தும் முன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றி இரண்டு நிமிடம் ஓட்டினால்தான் மறுநாள் ஸ்டார்ட் ஆகும்.

ஆறின எஞ்சினில் மாற்றினால் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரைக் கழுவிக்கொண்டு ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் ஏறுகிறதென்றால் மகிழ வேண்டாம், முகர்ந்து பாருங்கள். நவீன பெட்ரோல் எஞ்சினில் மண்ணெண்ணெய் ஊற்றினால் ஆக்டேன் குறைந்து தட்டி, பிஸ்டனே உடையும். டீசலில் கலப்பது பம்பின் வழுவழுப்பைக் குறைக்கும்.

கேஸும் மின்சாரமும்

எல்.பி.ஜி.யில் ஓடினால் எஞ்சின் ஆயில் நீண்ட நாள் சுத்தமாக இருக்கும், கேஸ் பழசாகிற பேச்சே இல்லை. ஆனால் லிட்டருக்குச் சக்தி பெட்ரோலைவிடக் கால்பங்கு குறைவு, வால்வு வந்து உட்காரும் சீட் கடினமானதாக இருக்க வேண்டும். சாணக் கேஸைச் சுத்திகரித்து ஓடும் மீத்தேன் டிராக்டரை நியூ ஹாலண்ட் விற்பனைக்கே கொண்டுவந்துவிட்டது. பண்ணையிலேயே கேஸ் ஆலை இருப்பவர்களுக்கு அது பொருந்தும்.

மின்சாரம் புல்வெட்டிக்கு இப்போதே நல்ல தேர்வு. பெட்ரோல் சம்பந்தமாக மேலே சொன்ன அத்தனை தொல்லையும் போய்விடும். லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் நிறுத்தி வையுங்கள், பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடாதீர்கள். உழவு வண்டிக்கு ஏன் இன்னும் பரவலாக வரவில்லை என்பதற்கு ஒரு கணக்கு: ஒரு லிட்டர் டீசலில் 10 கிலோவாட் மணி, அதில் மூன்றில் ஒரு பங்கு வேலையானாலும் 100 லிட்டர் டேங்க் சுமார் 330 கிலோவாட் மணி தரும். அவ்வளவு பேட்டரியைச் சுமந்தால் எடை டன் கணக்கில் போகும்.

மாற்றி ஊற்றிவிட்டால்

டீசல் வண்டியில் பெட்ரோல் ஊற்றிவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். சில வண்டிகளில் சாவியைத் திருப்பியதுமே மின்சாரப் பம்ப் ஓடி, அதை லைன் முழுக்கக் கொண்டுபோய்விடும். டேங்கை முழுக்க வடித்து, புது டீசலால் அலசி, ஃபில்டரை மாற்றி, ஏர் எடுத்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கொஞ்சம்தானே, மேலே டீசல் ஊற்றிச் சமாளிக்கலாம் என்பது பழைய பம்பில் சில சமயம் பலித்திருக்கும். காமன் ரெயிலில் பம்ப் விலை கொடுத்துத்தான் தெரிந்துகொள்வீர்கள். பெட்ரோல் வண்டியில் டீசல் என்றால் சேதம் குறைவு: வெள்ளைப் புகை, கறுத்த பிளக், ஸ்டார்ட் ஆகாமை. டேங்கையும் கிண்ணத்தையும் வடித்து, பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆயிலையும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். யூரியா கரைசல் டீசல் டேங்கில் போயிருந்தால் ஸ்டார்ட் செய்யாமல் அப்படியே பட்டறைக்கு இழுத்து வரச் சொல்லுங்கள். வடித்த கலவையைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாமல், மூடிய கேனில் தனியாக எழுதி வைத்துக் கழிவு எண்ணெய் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.